ஜெர்மனியில் சோப்பு, ஷாம்பு, நொறுக்குத்தீனி: மாசம் 130 யூரோ எங்கே போச்சு?

போன வீடியோவில் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது சம்பளத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசியிருந்தோம். வாடகை, இன்சூரன்ஸ், ஊருக்கு அனுப்பும் பணம் என்று பெரிய விஷயங்களை மட்டும்தான் அதில் சொன்னேன். இன்னைக்கு அதிலே விட்டுப்போன சின்ன விஷயம். டூத்பேஸ்ட், ஷாம்பு, சிப்ஸ், தண்ணி பாட்டில். "இதுக்கெல்லாம் ஒரு பதிவா?"ன்னு நினைக்காதீங்க. நான் மியூனிக்கில் வேலை பார்த்த முதல் வருஷம் என் கணக்கு உதைச்சது இந்த இடத்தில்தான்.

முதலில் என் கதையைச் சொல்லிடறேன். ஜெர்மனி கிளம்பும்போது அம்மாவின் வளையலையும் செயினையும் வங்கியில் வெச்சு 2,50,000 ரூபாய் நகைக்கடன் எடுத்தோம், 9 சதவீத வட்டி. டிக்கெட், விசா, முதல் மாசச் செலவு, வீட்டு அட்வான்ஸ் எல்லாத்துக்கும் அந்தப் பணம்தான். அங்கே அட்வான்ஸாக மூணு மாச வாடகை வரைக்கும் கேட்கலாம், சட்டப்படி அதுதான் உச்சவரம்பு. "ஆறு மாசத்தில் மீட்டுடறேன்மா"ன்னு சொல்லிட்டு விமானம் ஏறினேன். ஆறு மாசம் முடிஞ்சப்போ அசலில் ஒரு ரூபாய்கூட குறையல. வட்டி மட்டும் போயிட்டிருந்தது. அம்மா ஒரு வார்த்தை கேட்கல. ஒரு கல்யாணத்துக்குக் கவரிங் வளையல் போட்டுட்டுப் போன போட்டோவை அக்கா குடும்ப குரூப்பில் போட்டிருந்தாங்க. அன்னைக்கு ராத்திரிதான் மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி உட்கார்ந்தேன்.

பெரிய செலவு எதுவும் தப்பாக இல்லை. ஆனால் 15 யூரோவுக்குக் கீழே இருந்த பில்களை மட்டும் தனியாக எடுத்தப்போ மூணு மாசத்தில் 118 பில், மொத்தம் 702 யூரோ. அதாவது மாசம் 234 யூரோ. அதை மூணாகப் பிரிச்சேன். சோப்பு, ஷாம்பு வகையறா 31 பில், 168 யூரோ. ஸ்டேஷன், பேக்கரி, ஆபீஸ் மெஷினில் வாங்கின தீனியும் குளிர்பானமும் 64 பில், 297 யூரோ. ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கும், ராத்திரி கடை மூடின பிறகும் வாங்கினது 23 பில், 237 யூரோ.

ரூபாயில் மாத்தினாலும் தப்பு, மாத்தலைன்னாலும் தப்பு

வெளிநாடு போன எல்லோருக்கும் இது நடக்கும். முதல் மாசம் எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்குவோம். (கணக்கு சுலபமாக இருக்க இந்தப் பதிவு முழுக்க 1 யூரோ = 100 ரூபாய்னு வெச்சுக்குவோம்.) மூணு யூரோ ஷாம்பு முன்னூறு ரூபாயா, வேண்டாம். அப்படிச் சொல்லிச் சொல்லி நான் ஊரிலிருந்து கொண்டுபோன சோப்பைச் சீவல் சீவலாகத் தேய்ச்ச நாளெல்லாம் உண்டு. அப்புறம் ஒரு நாள் வெறுத்துப்போய் "இங்கே சம்பாதிக்கிறோம், இங்கே செலவு பண்றோம், மாத்தவே கூடாது"ன்னு ஒரு சீனியர் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எல்லாமே "அஞ்சு யூரோதானே" ஆயிடுச்சு. ஐந்து என்கிற எண் நம்ம காதுக்குச் சின்ன எண். அதுதான் ஆபத்து.

எனக்கு வேலை செஞ்சது மூணாவது வழி: நேரத்தில் மாத்துவது. உதாரணத்துக்கு, பிடித்தம் போகக் கைக்கு 2,880 யூரோ வருது, மாசம் 160 மணி நேர வேலைன்னா மணிக்கு 18 யூரோ. 4.50 யூரோ ஷாம்பு என்பது கால் மணி நேரம். பரவாயில்லையே என்று தோணும். ஆனால் இது முழு உண்மை இல்லை. வாடகை, மின்சாரம், போன், பயணம், சமையல் சாமான் எல்லாம் போக உங்க கையில் நிஜமாக நிற்பது 960 யூரோன்னு வைங்க. அதை 160-ஆல் வகுத்தால் மணிக்கு 6 யூரோதான். இப்போ அதே ஷாம்பு முக்கால் மணி நேரம். ஸ்டேஷனில் வாங்கும் மூணு யூரோ தண்ணி பாட்டில் அரை மணி நேரம். இந்த "மிச்ச மணி" விலையை உங்களுக்கு நீங்களே போட்டுப் பாருங்க. ஆளுக்கு ஆள் மாறும், அதனால் நண்பனோட கணக்கு உங்களுக்கு உதவாது.

ரூபாய்க் கணக்கு வேண்டியது ரெண்டே இடத்தில்: ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று பார்க்கும்போதும், பெட்டியில் எதை எடுத்துப் போகலாம் என்று முடிவு பண்ணும்போதும்.

பெட்டியில் இருக்கும் 23 கிலோ

நான் எடுத்துப்போன பெட்டியில் 12 சோப்பு, 6 டூத்பேஸ்ட், ரெண்டு பெரிய ஷாம்பு பாட்டில் இருந்தது. கிட்டத்தட்ட மூணு கிலோ. போய்ப் பார்த்தா, இந்தச் சாமான்களில்தான் ஜெர்மனி மலிவு! அங்கே சோப்பு, ஷாம்பு, பேப்பர், துணி துவைக்கும் பவுடர் விற்கவே தனியாக ஒரு கடை வகை இருக்கு, பேரு ட்ரோகெரி. டிஎம், ராஸ்மன் ரெண்டும்தான் பெரிய ஆட்கள். ரெண்டுமே 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பிச்சது. இவங்களுக்குச் சொந்த பிராண்டு உண்டு: டிஎம்மில் பாலேயா, ராஸ்மனில் இசானா. இந்த வரிசையில் சாதாரண ஷவர் ஜெல் ஒரு யூரோவுக்குக் கீழேயே கிடைக்கும். விலை கம்மின்னா தரம் மட்டம்னு நம்ம மனசு சொல்லும். அதைத் தீர்க்க அங்கே ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்கிற நுகர்பொருள் சோதனை அமைப்பு 1964-லிருந்து இருக்கு. அவங்க "குட்" (நல்லது), "ஸேர் குட்" (மிக நல்லது) என்று மதிப்பெண் போட்டதைக் கம்பெனிகள் பாக்கெட்டிலேயே அச்சடிப்பாங்க. கடைகளின் சொந்த பிராண்டுகள் பல தடவை விலை கூடின பெயர்களுக்குச் சமமாக, சில சமயம் மேலேயும் வந்திருக்கு. முத்திரையில் எந்த வருஷச் சோதனை என்பதையும் பார்த்துக்குங்க.

பெண்கள் நிறைய பேர் ஆறு மாசத்துக்கு நாப்கின் வாங்கி அடுக்கிட்டுப் போறாங்க. எடை இல்லாட்டியும் பாதிப் பெட்டியை அது அடைச்சுக்கும். அங்கே 2020 ஜனவரியிலிருந்து அதுக்கு வரி 19-லிருந்து 7 சதவீதமாகக் குறைஞ்சிருக்கு, கடை பிராண்டு மலிவாகவே கிடைக்குது. ஒரு மாசத்துக்கு மட்டும் எடுத்துப் போனால் போதும்.

அப்போ பெட்டியில் எது இடம் பிடிக்கணும்? சீயக்காய்த் தூள், நீங்க தலைக்கு வைக்கும் எண்ணெய், அப்பளம், வத்தல், பருப்புப் பொடி, வீட்டு முறுக்கு. அங்கே தேங்காய் எண்ணெய் சமையல் அலமாரியில் சின்ன ஜாடியில், நம்ம ஊர் விலையைவிட ரொம்பவே கூடுதலாக இருக்கும். இந்தியக் கடையில் மிக்சர் கிடைக்கும், ஆனால் ரெண்டு கடல் தாண்டி வந்த விலை. இன்னொன்று யாரும் சொல்ல மாட்டாங்க: குக்கர் கேஸ்கட். ரெண்டு எக்ஸ்ட்ரா போட்டுக்குங்க.

எடுத்துப் போகக் கூடாததும் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம்ம நாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய், பால்கோவா எல்லாம் பிடிபட்டால் குப்பைத்தொட்டிதான். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதி, தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டாங்க.

அலமாரி டேக்கில் கீழே இருக்கும் குட்டி எழுத்து

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கிறதா இருந்தா இது. ஜெர்மன் கடையில் பெரிய எழுத்தில் இருக்கும் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு விலை இருக்கும். அதுக்குப் பேரு க்ருண்ட்ப்ரைஸ், அடிப்படை விலை. ஒரு லிட்டருக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று கடைக்காரர் போட்டே ஆகணும், சட்டம். முன்னாடி சின்னப் பாக்கெட்டுக்கு 100 கிராம், 100 மில்லி கணக்கிலும் போட்டு நம்மைக் குழப்புவாங்க. 2022 மே மாசத்திலிருந்து கிலோ, லிட்டர்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலை எல்லாம் உதாரணத்துக்கு. 250 மில்லி பிராண்டு ஷாம்பு 2.25 யூரோ. லிட்டருக்கு 9 யூரோ. அதே பிராண்டின் "ஃபேமிலி சைஸ்" 400 மில்லி 4.40 யூரோ. லிட்டருக்கு 11 யூரோ! பெருசு வாங்கினால் லாபம்னு கண்ணை மூடிட்டு எடுத்தால் நஷ்டம். வாசலில் கூடையில் கிடக்கும் 50 மில்லி டிராவல் பாட்டில் 95 சென்ட், பார்க்க மலிவு, லிட்டருக்கு 19 யூரோ. கடையின் சொந்த பிராண்டு 300 மில்லி 75 சென்ட், லிட்டருக்கு இரண்டரை யூரோ. ஒரே அலமாரியில் இரண்டரையும் இருக்கு, பத்தொன்பதும் இருக்கு. பெரிய எழுத்தை மட்டும் பார்த்தால் 75 சென்ட்டும் 95 சென்ட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரித்தான் தெரியும்.

துணி துவைக்கும் பவுடரில் "ஒரு துவைப்புக்கு" என்ற விலையைப் பாருங்க. பெட்டியின் மேல் எத்தனை வாஷ்லாடுங், அதாவது எத்தனை தடவை துவைக்கலாம் என்று இருக்கும். 20 தடவைக்கு 4 யூரோ என்றால் தடவைக்கு 20 சென்ட். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியின் பின்னாலே தண்ணீர் கடினத்தன்மைக்கு ஏத்த மாதிரி எவ்வளவு பவுடர் என்று ஒரு பட்டியல் இருக்கும். மியூனிக் தண்ணீர் கடினம், கெட்டிலில் வாரக் கடைசிக்குள் வெள்ளையாகப் படிஞ்சிடும். உங்க ஊர்த் தண்ணீர் எந்த வகை என்று நகராட்சித் தண்ணீர் நிறுவனத்தின் தளத்தில் போட்டிருப்பாங்க. மென்மையான ஊரில் இருந்துட்டு கடினத்துக்கு உண்டான அளவைக் கொட்டினால் பவுடர்தான் வீண். கடினத் தண்ணியில் ஷாம்பு நுரைக்காது. நுரை வரலையேன்னு நான் மேலே மேலே ஊத்தினேன், அப்புறம் முடி கொட்டுதுன்னு பயந்து 14 யூரோ ஷாம்புக்குப் போனேன். அதுவும் நுரைக்கல.

பாக்கெட் சுருங்கும் விளையாட்டு நம்ம ஊர் பிஸ்கட்டில் பார்த்ததுதான், அங்கேயும் உண்டு. 100 கிராம் 90 கிராம் ஆகி விலை அதே இருந்தால், 10 சதவீதம் இல்லை, 11 சதவீதம் ஏறியிருக்கு. இதுக்கு ஜெர்மன்காரர்கள் மோகல்பாக்குங், ஏமாத்துப் பொட்டலம் என்று பேரே வெச்சிருக்காங்க. ஹாம்பர்க் நுகர்வோர் மையம் வருஷா வருஷம் மக்களிடம் ஓட்டு வாங்கி "இந்த வருஷத்தின் ஏமாத்துப் பொட்டலம்" அறிவிக்குது! குட்டி எழுத்து விலையைப் பார்க்கப் பழகினவங்களை இந்த வித்தை ஒண்ணும் செய்யாது.

எட்டு மணியும் ஞாயிறும்

என் 237 யூரோ ஓட்டை இங்கேதான். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கடைகள் ராத்திரி எட்டு மணிக்கு மூடிடும். ஞாயிறு முழு நாளும் மூடல். ஞாயிறு ஓய்வு அங்கே அரசியலமைப்பிலேயே இருக்கு, 1919-ஆம் வருஷத்து வைமார் சட்டத்திலிருந்து அப்படியே எடுத்தது. எட்டேகாலுக்கு ஆபீஸிலிருந்து வந்து டூத்பேஸ்ட் தீர்ந்ததைப் பார்த்தால், ஒரே வழி பெட்ரோல் பங்க் அல்லது மெயின் ஸ்டேஷன் கடை. அங்கே டூத்பேஸ்ட் மட்டும் வாங்கிட்டு வர மாட்டோம். பசி இருக்கும், ஒரு சாண்ட்விச், ஒரு சிப்ஸ், ஒரு கோலா. பத்து யூரோ.

நான் செஞ்ச மாற்றம் ஒண்ணே ஒண்ணு. தீர்ந்துபோனால் அவசரப்படுத்தும் சாமான் எது எது என்று ஒரு பேப்பரில் எழுதினேன்: டூத்பேஸ்ட், டாய்லெட் பேப்பர், சோப்பு, பவுடர், டீத்தூள், பால். ஒவ்வொன்றிலும் ஒரு உபரி எப்பவும் வீட்டில் இருக்கணும். உபரியைப் பிரிச்ச அன்னைக்கே லிஸ்டில் ஏத்தணும், சனிக்கிழமை காலையில் வாங்கணும். ஊரில் பாட்டி அரிசிப் பானையில் அடி தெரியறதுக்கு முன்னாடியே அடுத்த மூட்டைக்குச் சொல்லி அனுப்புவாங்க, அதேதான். மாசம் 79 யூரோ 30-க்கு வந்துச்சு.

மாத்திரைக்கு ஒரு வார்த்தை: பாராசிட்டமால்கூட ட்ரோகெரியில் கிடைக்காது, அப்போதேக்கே என்கிற மருந்துக்கடையில் மட்டும்தான். சீட்டு வேண்டாத மருந்துக்கு விலை கடைக்குக் கடை மாறும். காய்ச்சல் வந்த பிறகு ஓடாமல் முன்கூட்டியே ஒரு அட்டை வாங்கி வைங்க.

தீனியும் பாட்டில் காசும்

தண்ணியிலிருந்து ஆரம்பிப்போம். அங்கே குழாய்த் தண்ணி குடிக்கலாம், லிட்டருக்கு ஒரு சென்ட்கூட ஆகாது. நம்ம ஊர்ப் பழக்கத்தில் எனக்கு அதை நம்பவே ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு ஸ்டீல் பாட்டில் வாங்கின நாளிலிருந்து ஸ்டேஷன் தண்ணிச் செலவு நின்னுபோச்சு.

பாட்டில், கேன் வாங்கினால் அலமாரி விலைக்கு மேலே ஃபாண்ட் என்று ஒரு டெபாசிட் சேரும். ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். திருப்பி நிரப்பும் பீர் பாட்டிலுக்கு வழக்கமாக 8, மற்ற திருப்பி நிரப்பும் பாட்டிலுக்கு 15 சென்ட். சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் மெஷினில் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழிச்சுக்கலாம். நான் ஆரம்பத்தில் பாட்டிலை நசுக்கிக் குப்பையில் போட்டேன். வேலை நாளில் தினம் ரெண்டு பாட்டில் என்றால் மாசம் 11 யூரோ குப்பைக்கு. நசுக்காதீங்க, மெஷினால் பார்கோடைப் படிக்க முடியாது. வெளியே குடிச்சுட்டுத் தூக்க முடியலைன்னா, குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பது அங்கே வழக்கம். பாட்டில் பொறுக்கி வாழ்பவர்கள் கையை விடாமல் எடுத்துக்குவாங்க.

வரி விலையோடு சேர்ந்தேதான் இருக்கும், பில்லில் திடீர்னு ஏறாது. ஆனால் சாப்பாட்டுப் பொருளுக்கு 7 சதவீதம், தண்ணி, ஜூஸ், கோலாவுக்கு 19. பாலுக்கு 7, ஓட்ஸ் பாலுக்கு 19!

நொறுக்குத்தீனி வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு வாய் கேட்கும், அதை அடக்கினால் ஏழு மணிக்கு பீட்சாவாக வெடிக்கும். ஆல்டி, லிடில் கடைகளில் கடலை, முந்திரி, பிஸ்கட் எல்லாம் சொந்த பிராண்டில் இருக்கு. என் கண்டுபிடிப்பு துருக்கிக் கடைதான். லெப்லெபி என்று வறுத்த கொண்டைக்கடலை விற்பாங்க. நம்ம வறுகடலைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அரை கிலோ வாங்கி ஆபீஸ் டிராயரில் வெச்சா மெஷின் பக்கமே போக மாட்டீங்க. ஈழத்தமிழர் நடத்தும் கடை உங்க ஊரில் இருந்தால் அதிர்ஷ்டம். நான் போன கடைக்கார அண்ணா, "தம்பி, புதன்கிழமை வாரும், மரக்கறி அண்டைக்குத்தான் புதுசா வரும்" என்று சொல்லிக் கொடுத்தார். சனிக்கிழமை கூட்டத்தில் வாடினதை வாங்கறது அதோட நின்னுது.

எந்தக் கார்டு?

ஜெர்மன் கணக்கு திறக்கும்வரை நம்ம ஊர் கார்டைத் தேய்ப்போம். அதில் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப் கட்டணம் உண்டு. 3.5 சதவீதம் மார்க்கப் இருக்கும் கார்டு என்றால், அதுமேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 4.13 சதவீதம். மெஷின் "ரூபாயில் கட்டறீங்களா, யூரோவிலா?"ன்னு கேட்டால் யூரோ. ரூபாயைத் தொட்டால் அந்த மெஷின்காரர் போடும் மாற்று விலைக்கு நீங்க சம்மதிச்சதாகிடும். சின்ன பேக்கரிகளில் கார்டே எடுக்காத இடம் இன்னும் இருக்கு, பத்து யூரோ ரொக்கம் பையில் இருக்கட்டும்.

இப்படியெல்லாம் செஞ்சு என் சில்லறைச் செலவு 234-லிருந்து 104 யூரோவுக்கு வந்துச்சு. மிச்சம் 130 யூரோ, அதாவது மாசம் 13,000 ரூபாய். அது மட்டும் போனாலே 2,50,000 ரூபாய் நகைக்கடன், 9 சதவீத வட்டியோடு, 21 மாசத்தில் தீரும். எனக்கு போனஸ் வந்ததால் 14-ஆவது மாசமே முடிஞ்சுது. வளையலை மீட்டு வந்த அன்னைக்கு அம்மா வீடியோ காலில் கையைத்தான் காட்டினாங்க, முகத்தைக் காட்டல.

கடைசியாக, கமெண்ட்டில் அடிக்கடி வரும் கேள்வி: வீட்டிலிருந்து பார்சல் போட்டால் வரி உண்டா? 2021 ஜூலையிலிருந்து சின்னப் பார்சலுக்கு இருந்த 22 யூரோ வரிவிலக்கு போயிடுச்சு. ஆனால் தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரைக்கும் வரி இல்லாமல் வரலாம். காபிக்கும் வாசனைத் திரவியத்துக்கும் தனி அளவு வரம்பு இருக்கு. பாக்கெட் மேலே "பரிசு" என்று எழுதி, உள்ளே என்ன இருக்கு, மதிப்பு எவ்வளவு என்று உண்மையாகப் போடச் சொல்லுங்க. கூரியர் கட்டணத்தைக் கிலோவுக்கு வகுத்துப் பார்த்துட்டு லிஸ்ட் கொடுங்க. என் லிஸ்ட் முதல் வருஷம் ரெண்டு பக்கம் இருந்தது. கடைசியாக அனுப்பினதில் நாலு வரி: சீயக்காய், பருப்புப் பொடி, வீட்டு முறுக்கு, குக்கர் கேஸ்கட்.